கேமராவும் கணினியும் பேசிக்கொள்ளாதபோது: வைஃபை இணைப்பைச் சரிசெய்யும் முறை



கோயில் திருவிழா என்றால் இப்போது இளைஞர் பிரிவுக்கு ஒரு புது வேலையும் சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் வழக்கம்போல இருக்க, "படம் எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் நம்ம பொறுப்பு. நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாக்கள், லீவு கிடைக்காதவர்கள், வெளியூரில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அன்றைய படத்தை அன்றே பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்காகவே பல குழுக்கள், கேமராவில் எடுக்கும் படம் வயர் இல்லாமல் நேராகக் கோயில் அலுவலக மடிக்கணினிக்குப் போகும்படி ஏற்பாடு செய்கின்றன.

ஆனால் சரியாக அபிஷேகம் தொடங்கும் நேரத்தில் இணைப்பு கிடைக்கவில்லை என்று கேமரா சொல்லும். உடனே ஒருவர் ரௌட்டரை அணைப்பார், இன்னொருவர் கடவுச்சொல்லை மாற்றுவார், மூன்றாமவர் கேமராவை ரீசெட் செய்வார். பத்து நிமிஷத்தில், முதலில் இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்றே தெரியாமல் போய்விடும். அதற்குள் பல நாள் விரதம் இருந்து காவடி எடுத்தவர் சன்னதியைத் தாண்டிப் போயிருப்பார். கேமராவுக்காக அவர் மறுபடியும் நடந்து வரப்போவதில்லை.

ஆகவே இந்தப் பாடத்தில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: இணைப்பு என்பது ஒரு சங்கிலி. கீழிருந்து ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்கணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றணும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

கேமராவையும் கணினியையும் வைஃபையில் இணைக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழியில் கேமராவே ஒரு சின்ன வைஃபையை உண்டாக்கும். கணினி அதில் போய்ச் சேரும். இரண்டாவது வழியில் நடுவில் ஒரு ரௌட்டர் இருக்கும். கேமராவும் கணினியும் அதில் சேர்ந்து, அதன் மூலம் பேசிக்கொள்ளும்.

இரண்டிலுமே இணையம் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது. சிம் கார்டு இல்லாத, இணைய இணைப்பே இல்லாத ரௌட்டர் கூடப் போதும். திருவிழாக் கூட்டத்தில் கைப்பேசி லைன் திணறினாலும் கேமராவிலிருந்து கணினிக்குப் படம் போகும். கணினியிலிருந்து வெளியே அனுப்பத்தான் இணையம் வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு வேலை என்று பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி ஐந்து கண்ணிகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

கண்ணி 1: கேமரா தயாரா?

பேட்டரி குறைந்தால் சில கேமராக்கள் வைஃபையைத் திறக்கவே திறக்காது. மின்சாரத்தைச் சேமிக்கத் தானாக அணையும் நேரம் ஒரு நிமிடம் என்று இருந்தால், படம் போய்க்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடலாம். அந்த நேரத்தைக் கூட்டி வைங்க. ஏர்பிளேன் மோட் போட்டிருக்கா என்று பாருங்க. யுஎஸ்பி வயர் செருகியிருந்தால் பல கேமராக்களில் வைஃபை வேலை செய்யாது, கழற்றிவிடுங்க.

இன்னொன்று. அதே கேமராவைப் போன வாரம் வேறொரு தம்பி தன் கைப்பேசியோடு இணைத்திருப்பார். இப்போது அவர் பக்கத்தில் நின்றால், அவருடைய கைப்பேசி தானாகவே கேமராவைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அவரிடம் சொல்லி அந்தச் செயலியை மூடச் சொல்லுங்க.

கண்ணி 2: இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கா?

"கனெக்ட் ஆயிருக்கு" என்றால் எதோடு கனெக்ட் ஆகியிருக்கிறது என்று கேளுங்க. கேமராவின் சொந்த வைஃபையில் கணினி சேர்ந்தால் அதில் இணையம் இருக்காது. அதனால் பல கணினிகள் தாமாகவே பழைய, இணையம் உள்ள வைஃபைக்குத் தாவிவிடும். அந்தப் பழைய வைஃபைக்குத் தானாகச் சேரும் தேர்வை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுங்க.

அடுத்தது அலைவரிசை. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையில் வருகிறது. நம்மிடம் இருக்கும் பல கேமராக்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரௌட்டரோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டோ 5-இல் மட்டும் ஒலிபரப்பினால் கேமராவின் பட்டியலில் அந்தப் பெயரே வராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் 2.4-ஐத் தேர்ந்தெடுங்க. ஐஃபோன் 12-க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற சுவிட்ச் இருக்கும், அதைத் திறந்துவிடுங்க.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் சேரமாட்டேன் என்கிறதா? ரௌட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்க. டபிள்யூபிஏ3 என்பது புதிய முறை. பழைய கேமராக்களுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் புரியும். இரண்டும் கலந்த முறையில் வையுங்க. பூட்டே இல்லாமல் திறந்து வைப்பது தீர்வு ஆகாது.

கண்ணி 3: முகவரி கிடைச்சிருக்கா?

வைஃபையில் சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற ஓர் எண் கிடைக்கும். வீட்டு எண் மாதிரி. அதைக் கொடுப்பது பெரும்பாலும் ரௌட்டர். கேமராவின் நெட்வொர்க் விவரத்திலும் கணினியின் வைஃபை விவரத்திலும் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

கணினிக்கு 192.168.1.20, கேமராவுக்கு 192.168.1.35 என்று இருந்தால் நல்லது. வழக்கமான சின்ன ரௌட்டர்களில் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.43 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருக்கின்றன. கண்ணி 2-க்குத் திரும்புங்க. 169.254 என்று தொடங்கினால், கேட்டும் யாரும் முகவரி தரவில்லை, கருவி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேமராவில் முகவரி 'ஆட்டோ' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வைஃபையிலிருந்து விலகி மறுபடியும் சேருங்க.

கண்ணி 4: கதவு திறந்திருக்கா?

ஒரே தெருவில் இருந்தும் பேச முடியவில்லை என்றால், யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மூன்று இடத்தில் தேடுங்க.

ஒன்று, கணினியின் தடுப்புச்சுவர், அதாவது ஃபயர்வால். விண்டோஸில் புதிய வைஃபை பெரும்பாலும் 'பப்ளிக்' என்றே பதிவாகும். அப்போது கணினி தன்னை மற்ற கருவிகளிடமிருந்து மறைத்துக்கொள்ளும். உங்கள் குழுவின் சொந்த ரௌட்டர் என்றால் அதை 'பிரைவேட்' என்று மாற்றுங்க. கேமரா மென்பொருளுக்கு ஃபயர்வாலில் அனுமதி கொடுங்க. சோதிப்பதற்காக ஃபயர்வாலை முழுசா அணைத்தால், சோதனை முடிந்ததும் உடனே திறந்துவிடணும். மேக் கணினியில், 2024-இல் வந்த செக்கோயா பதிப்பு முதல், ஒவ்வொரு மென்பொருளும் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும். அன்று அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், தனியுரிமை அமைப்பில் போய் மாற்றணும்.

இரண்டு, விபிஎன். அலுவலக மடிக்கணினியைக் கொண்டு வருபவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அலுவலகம் அனுமதித்தால் மட்டும் அணைத்துப் பாருங்க. இல்லையென்றால் வேறு கணினி.

மூன்று, மண்டபத்தின் விருந்தினர் வைஃபை. இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

"அண்ணே, நேத்து ஒத்திகையில நல்லா வேலை செஞ்சது. இன்னைக்குக் கேமராவையே காணோம்னு கணினி சொல்லுது."

"நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறிச்சு, தம்பி?"

"ஒண்ணும் மாறலை லா. அதே கேமரா, அதே கணினி."

"அதே வைஃபையா?"

"இல்லண்ணே. நேத்து நம்ம ரௌட்டர். இன்னைக்கு மண்டபத்து வைஃபை நல்லா ஸ்பீடா இருக்குன்னு அதுல போட்டோம்."

"ரெண்டுக்கும் ஐபி முகவரி என்ன?"

"ரெண்டுமே 192.168.10-தான் அண்ணே."

"அப்போ கண்ணி மூணு வரைக்கும் சரி. விருந்தினர் வைஃபையில ஒரு கருவி இன்னொண்ணைப் பார்க்க முடியாதபடி தடுத்து வச்சிருப்பாங்க. முன்பின் தெரியாதவங்க சேர்ற இடம், அதனால அது நல்லதுக்குத்தான். நம்ம ரௌட்டருக்கே திரும்பு. வேற எதையும் தொடாதே."

அண்ணன் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை என்பதைக் கவனியுங்க. மூன்று கேள்விதான் கேட்டார். விருந்தினர் வைஃபையில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில இடங்களில் உள்ளே போக ஓர் இணையப் பக்கத்தில் 'சம்மதம்' அழுத்தணும். பெரும்பாலான கேமராக்களால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது.

கண்ணி 5: மென்பொருளுக்கு நம்மைத் தெரியுமா?

கேனனுக்கு இஓஎஸ் யூட்டிலிட்டி, நிக்கானுக்கு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் யூட்டிலிட்டி, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று நிறுவனத்துக்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. முதல் தடவை கேமராவையும் கணினியையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்கணும். இதைத்தான் 'பேரிங்' என்கிறோம். கணினியை மாற்றினாலோ கேமராவை ரீசெட் செய்தாலோ பழைய அறிமுகம் செல்லாது. கேமராவிலும் கணினியிலும், இரண்டு பக்கமும் பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடியும் அறிமுகம் செய்யுங்க. ஒரு பக்கம் மட்டும் நீக்கினால் குழப்பம் தீராது.

கடைசியாக, படம் எந்த ஃபோல்டருக்குப் போகிறது, அந்த டிஸ்கில் இடம் இருக்கா என்று பாருங்க. "படம் வரலை" என்று நாம் தேடும்போது அது வேறு ஃபோல்டரில் ஒழுங்காக வந்து குவிந்துகொண்டிருப்பதும் உண்டு.

இணைப்பு இருக்கு, ஆனால் மெதுவாக இருக்கு

இது கோளாறு அல்ல, கணக்கு. வினாடிக்கு 2 எம்பி போகிற இணைப்பில் 30 எம்பி ரா கோப்பு ஒன்று போக 15 வினாடி. 300 படத்துக்கு 75 நிமிடம். அதையே 8 எம்பி ஜேபெக்காக அனுப்பினால் 20 நிமிடம். 3 எம்பி அளவுக்குச் சுருக்கினால் ஏழரை நிமிடம். ஆகவே ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுங்க. ரா கார்டிலேயே இருக்கட்டும், சின்ன ஜேபெக்கை மட்டும் அனுப்புங்க.

கூட்டமும் ஒரு காரணம். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். காலியான மண்டபத்தில் நன்றாக வேலை செய்த இணைப்பு, ஜனம் நிரம்பியதும் தடுமாறுவது இதனால்தான். ரௌட்டரை மேசை மேல் வைக்காமல் தலைக்கு மேல் உயரத்தில் வைங்க. இரும்பு அலமாரிக்குப் பின்னால் வேண்டாம். 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படுவதைத் தேர்ந்தெடுங்க.

மூன்று விதிகள்

ஒன்று: படம் எடுப்பவர் பழுது பார்க்கக் கூடாது. அந்த வேலைக்கு வேறொருவர் இருக்கட்டும். கேமரா கார்டில் பதிவு செய்துகொண்டே இருக்கும் வரை எதுவும் தொலைந்துவிடவில்லை.

இரண்டு: பத்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்க. கார்டு ரீடரையும் இரண்டாவது கார்டையும் தயாராக வைத்திருங்க. அரை மணிக்கு ஒரு தடவை ஒருவர் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினால் போதும். வயர் இல்லாத இணைப்பு வசதிக்குத்தான். சேவை அதை நம்பி நிற்கக் கூடாது.

மூன்று: அலகு குத்தியிருப்பவர்கள், அருள் வந்து ஆடுபவர்கள், குழந்தைகள் படமும் இந்த வைஃபையில்தான் போகிறது. கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீங்க. திருவிழா முடிந்ததும் மாற்றுங்க. கணினிக்கு வந்துவிட்டது என்பதற்காக எல்லாப் படத்தையும் வெளியிடலாம் என்று நினைக்காதீங்க; முகம் தெரியும் படத்துக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

பயிற்சி

1. கேமராவின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. எந்தக் கண்ணியில் கோளாறு? முதலில் என்ன செய்வீர்கள்?

2. கைப்பேசிக்குத் தெரியும் வைஃபை பெயர் கேமராவின் பட்டியலில் இல்லை. காரணம் என்னவாக இருக்கலாம்?

3. உங்கள் கேமராவில் ஒரு ஜேபெக் எத்தனை எம்பி? பத்துப் படம் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, 200 படத்துக்குக் கணக்குப் போடுங்க.

4. குழு வேலை: திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே, அதே இடத்தில், அதே ரௌட்டரோடு ஒத்திகை பாருங்க. இணைப்பு சரியாக இருக்கும்போதே ஐந்து கண்ணிகளின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி, கேமராப் பையில் வைங்க. கோளாறு வரும் நாளில், அந்தத் தாளோடு ஒப்பிட்டு எது மாறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.