மலைக்குச் சரக்கு ஏற்றும் பழைய ஜீப்புக்கு எந்தக் கார்புரேட்டர்?



துவரம்பருப்பின் தரம் பற்றியும் புளியின் ஈரப்பதம் பற்றியும் எழுத வேண்டிய பக்கத்தில் கார்புரேட்டரைப் பற்றி ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கும் அதற்கு அப்பாலும் சரக்கு அனுப்பும் நம்மில் சிலரிடம் பழைய பெட்ரோல் ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. ஏறும்போது மளிகை, இறங்கும்போது புளி, கடுக்காய், தேன், சாமை. அந்த வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும். தராசைச் சோதிக்கத் தெரிந்த வணிகர், தம் வண்டியின் தராசையும் சோதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்தது

எங்கள் மண்டியில் இருப்பது உயரமான பானெட் கொண்ட மகிந்திரா சி.ஜே. 3பி. பழைய கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னதும், விலை குறைவாகக் கிடைத்த, பெயரும் எண்ணும் இல்லாத ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். பில்லும் வாங்கவில்லை. சமவெளியில் நன்றாகவே ஓடியது. சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்களும் ஏற்றிக்கொண்டு மலையேறிய முதல் நாளே, கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் இருமி நின்றது. பெட்ரோல் நாற்றம். பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, சூடான இன்ஜின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கடைப் பையன் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். டிரைவர் உடனே பாட்டரி ஒயரைக் கழற்றினார். ஒரு பொறி பறந்திருந்தால் பின்னால் இருந்த எண்ணெய் டின்களோடு எல்லாம் போயிருக்கும். சரக்கை மறுபடி கொள்முதல் செய்யலாம். அந்தப் பையனை அவன் தாயிடம் என்ன சொல்லி ஒப்படைப்பது? சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்ததற்கு இதுவா விலை என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதன் பிறகே இதைக் கற்றுக்கொண்டோம்.

கார்புரேட்டரின் வேலை

இது ஓர் அளவைக் கருவி, அவ்வளவுதான். எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று கலந்து கொடுக்கிறது. நடுவில் குறுகிய தொண்டை வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் ஜெட் என்னும் சிறு துளை வழியே பெட்ரோல் வருகிறது. பக்கத்தில் உள்ள சிறு தொட்டியில் மிதக்கும் புளோட், பெட்ரோல் ஓர் அளவு நிரம்பியதும் ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கிறது. எங்கள் வண்டியில் அந்த ஊசி சரியாக அடைக்கவில்லை. சரிவில் வண்டி சாய்ந்ததும் வழிந்துவிட்டது.

முதலில் குற்றவாளி அதுதானா?

புதியது வாங்குவதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள். பெட்ரோல் பில்டர் அடைத்திருக்கிறதா? பிளக்கும் பாயிண்டும் சரியாக உள்ளனவா? கார்புரேட்டரின் அடியில் உள்ள கேஸ்கெட் வழியாகக் காற்றுக் கசிகிறதா? இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் சத்தம் மாறும். மாறினால் கசிவு உண்டு. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கடைசியாக, ஆக்சிலேட்டர் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லையென்றால் ரிப்பேர் கிட் போட்டுச் சுத்தம் செய்தாலே போதும். ஆட்டம் அதிகம் என்றால் புஷ் மாற்ற வேண்டும், அல்லது புதியது வாங்க வேண்டும்.

எதை வாங்குவது?

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பழைய வில்லிஸிலும் சி.ஜே. 3பியிலும் இன்ஜின் அளவு ஏறத்தாழ 2,200 சி.சி.தான். ஆனால் பழையதில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன, சி.ஜே. 3பியின் இன்ஜினில் காற்று இழுக்கும் வால்வு மேலே போய்விட்டது. பானெட் உயரமானதும் அதனால்தான். இரண்டுக்கும் அமெரிக்காவில் வைத்தது கார்ட்டர் கார்புரேட்டர். ஆனால் மாடல் வேறு. ஆகவே "ஜீப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கக் கூடாது. பழையதைக் கையில் எடுத்துச் சென்று, அதில் பொறித்த எண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் பல ஜீப்புகளில் சோலெக்ஸ் வகை பொருத்தி ஓட்டுகிறார்கள். எளிய அமைப்பு, மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது, தவறில்லை. 1985ல் வந்த மாருதி ஜிப்சியின் கதை வேறு. அது 970 சி.சி. இன்ஜின், அதற்குரிய இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டரை 2,200 சி.சி. ஜீப்பில் மாட்டுவதும், ஜீப்பினுடையதை அதில் மாட்டுவதும் படியைக் கொண்டு மரக்கால் அளப்பது போன்றது. பெரிய தொண்டை இருந்தால் அதிக இழுவை கிடைக்கும் என்பதும் தவறான எண்ணம். மலை ஏற்றத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. தொண்டை பெரிதானால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகக் கலக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. அடிப்பாகத்தின் போல்ட் துளைகளும் தொண்டை அளவும் பழையதோடு பொருந்த வேண்டும். துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டக் கூடாது.

2. ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கம்பி, ஏர் கிளீனர் குழாய் ஆகிய மூன்றும் இழுக்காமல், வளையாமல் சேர வேண்டும். மிதியை விட்டதும் ஆக்சிலேட்டர் தானாகத் திரும்ப வேண்டும்.

3. பெட்ரோல் பம்பின் அழுத்தம் புதிய கார்புரேட்டரின் ஊசி தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். பம்பு அதிகமாகத் தள்ளினால் நல்ல ஊசியும் தோற்றுப் போகும். மெக்கானிக்கை அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ரப்பர் பாகங்கள் எத்தனால் தாங்குபவையா என்று கேளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ல் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய காலத்து ரப்பர் இதில் ஊறி உப்பும், வெடிக்கும். பெட்ரோல் ஹோஸையும் பம்பின் டயாபிரத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

5. பில் வாங்குங்கள். நம் கடைக்கு வருபவரிடம் நாம் சொல்வதை நாமே மறக்கலாமா?

மலைக்காக ஜெட் மாற்ற வேண்டுமா?

சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி உயரம். பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4,000 அடி. 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் காற்று இளைக்கிறது. காற்று இளைத்தால் கலவையில் பெட்ரோல் சற்று மிகும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று குறைவு என்பதால், பழைய ஜெட்டில் கலவை பெட்ரோல் குறைந்ததாகவே அமைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடு செய்யும். ஆகவே மலைக்கென்று ஜெட்டைச் சிறிதாக்க வேண்டாம். பெட்ரோல் குறைந்த கலவையில் பாரம் இழுத்தால் இன்ஜின் சூடேறி வால்வு கருகும்.

பொருத்திய பின் சோதனை

சரக்கு ஏற்றுவதற்கு முன், ஆள் நடமாட்டமில்லாத சரிவில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மேல்நோக்கி ஐந்து நிமிடமும் கீழ்நோக்கி ஐந்து நிமிடமும் இன்ஜினை ஓடவிடுங்கள். எங்கும் ஈரம் தெரியக் கூடாது. பிறகு பாதிப் பாரத்துடன் ஏறி, நன்கு சூடான நிலையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் நிறம் உண்மையைச் சொல்லும். காப்பித்தூள் நிறம் நல்லது. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்தால் குறைவு. வண்டியில் தீயணைப்புக் கருவி ஒன்று அவசியம் இருக்கட்டும்.

லாப நஷ்டக் கணக்கு

போக வர 80 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தால் 10 லிட்டர் போதும். கலவை கெட்டு 6 கிலோமீட்டர் கொடுத்தால் 13 லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் ஒரு நடைக்கு 300 ரூபாய்க்கு மேல் நஷ்டம். மாதம் எட்டு நடை என்றால் 2,600 ரூபாய்க்கும் அதிகம். மளிகையில் அந்த லாபம் பார்க்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

கள்ளத் தராசை வைத்துக்கொண்டு நேர்மையான வியாபாரம் செய்ய முடியாது. வண்டிக்குள் இருக்கும் தராசும் அப்படியே. மலை மேல் நம் சரக்கை எதிர்பார்த்துக் கடை திறந்து வைத்திருப்பவரையும், வண்டியில் ஏறிப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் மனதில் வைத்து வாங்குவோம்.