கரன்ட் போனால் பழி யார் மேல்?

நம்பிக்கை: நிலக்கரியைக் கைவிட்டால் ஊர் இருண்டுவிடும்.

உண்மை: கைவிடாத ஊர்களும் இருண்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அங்கே 2007-ல் தொடங்கிய சுழற்சிமுறை மின்வெட்டு 2023-ல் உச்சத்துக்குப் போனது. பழைய மின்நிலையங்களைச் சரியாகப் பராமரிக்கவில்லை, புதியவை நேரத்துக்கு முடியவில்லை. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு, எண்ணெய் வாங்க டாலர் இல்லை.

நம்பிக்கை: 2012-ல் தமிழ்நாட்டைக் கவிழ்த்தது காற்றாலைதான்.

உண்மை: அந்த வருடத்தை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இருக்காது. (சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேரம். கோவைக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் பொரிந்து தள்ளுவார்கள்.) காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் காற்று படுத்ததும் மின்வெட்டு கூடியது உண்மைதான். ஆனால் காற்று ஓயும் என்பது காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். தெரிந்த பள்ளத்தை நிரப்ப வேண்டிய அனல் மின்நிலையங்கள் வருடக் கணக்கில் தாமதமாயின. வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் அதைக் கொண்டுவரப் போதிய மின்பாதை இல்லை. தென்மாநில மின்தொகுப்பு ராய்ச்சூர் – சோலாப்பூர் வழியாக நாட்டின் தொகுப்போடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். இதில் ஒரு வேடிக்கை: அதே காலகட்டத்தில், சீசன் உச்சத்தில் தொகுப்பு தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தி வைக்கவும் சொன்னார்கள்.

நம்பிக்கை: ஊரெல்லாம் சோலார் போட்டால் தீர்ந்தது.

உண்மை: மதியத்துக்குத் தீரும். ஆறரை மணிக்குச் சூரியன் இறங்கும்போதுதான் வீட்டுக்கு வீடு விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஓட ஆரம்பிக்கும். நிஜமான ஆபத்து இந்த மாலை நேரத்தில்தான் இருக்கிறது. அதைத் தாங்கும் சேமிப்பு வருவதற்குள் அனல் மின்நிலையங்களை அவசரமாக மூடினால் பற்றாக்குறை வரத்தான் செய்யும். இதைச் சொல்பவர்களை எல்லாம் கரி முதலாளிகளின் ஆட்கள் என்று ஏசுவது நியாயமில்லை. சேமிப்பு என்றால் பேட்டரி மட்டும் இல்லை. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 1980-களிலேயே 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டிவிட்டோம். மிஞ்சுகிற மின்சாரத்தில் கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி வைப்பார்கள், தேவை கூடும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரிதான். இப்படி இன்னும் பல வேண்டும், கட்டி முடிக்க வருடங்கள் ஆகும்.

நம்பிக்கை: என் மாடியில் பேனல் இருக்கிறது, எனக்கு மின்வெட்டு கிடையாது.

உண்மை: பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைத்த பேனல், லைன் போனதும் தானாக நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மேல் உங்கள் மாடி கரன்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பேனல் போட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எதையும் இரவு ஏழு மணிக்கு ஓட்டாதீர்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.