வயரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? கெர்னல் ஆவணம் எழுதப் பழகுவோம்



லேபில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. இரண்டிலும் ஒரே சர்வரின் ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் செய்திருக்கிறீர்கள். முதல் கம்ப்யூட்டரில் உங்க புரோகிராம் ரிசல்ட் ஃபைலில் வரி வரியாக எழுதிட்டு இருக்கு. இரண்டாவதில் உங்க நண்பர் அதே ஃபைலைத் திறந்து பார்க்கிறார். பழைய வரிகள்தான் தெரியுது. "உன் புரோகிராம் நின்னு போச்சுடா!" என்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தா, அது நல்லாத்தான் ஓடுது. தப்பு யார் மேல?

யார் மேலயும் இல்ல. என்எஃப்எஸ் தரும் வாக்கே அவ்வளவுதான்: ஒருவர் எழுதி, ஃபைலை மூடிய பிறகு, இன்னொருவர் புதிதாகத் திறந்தால் புதியது தெரியும். உங்க புரோகிராம் இன்னும் ஃபைலை மூடவே இல்லை. எழுதியதில் ஒரு பகுதி உங்க கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே காத்திருக்கு. இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா அரை நாள் மிச்சம். அந்த ஒரு வரியை எழுதி வைப்பதுதான் ஆவணப்படுத்தல். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் வகை பிரிப்போம்

உங்க லேப்டாப்பில் இருக்கும் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமையில் டிஸ்க் ஒன்று, அதை ஆளும் கெர்னலும் ஒன்று. சண்டைக்கு இடமே இல்லை.

நெட்வொர்க் கோப்பு முறைமையில் டேட்டா வேறொரு இயந்திரத்தில் இருக்கும். கெர்னல் நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கும். என்எஃப்எஸ், எஸ்எம்பி, 9பி எல்லாம் இந்த வகை. கிளஸ்டர் கோப்பு முறைமையில் பல இயந்திரங்கள் ஒரே டிஸ்க்கை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, லாக் போட்டு முறை வைத்து எழுதும். 2006இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 இரண்டும் இந்த வகை.

இவற்றை ஆவணப்படுத்தும்போது வசதிகளைப் பட்டியல் போட்டால் மட்டும் போதாது. நான்கு கேள்விகளுக்குப் பதில் வேணும்.

1. நான் எழுதியது அடுத்தவருக்கு எப்போது தெரியும்?

என்எஃப்எஸ் பதிலை மேலே பார்த்தோம். ஜிஎஃப்எஸ்2 ஆவணம் இதற்கு நேர் எதிர்: ஒரு இயந்திரத்தில் செய்த மாற்றம் மற்ற எல்லாவற்றிலும் உடனே தெரியும் என்கிறது. 9பியில் கேஷை 'லூஸ்' என்று வைத்தால், சர்வரில் நடந்த மாற்றம் கிளையன்ட்டில் தெரியும் என்பதற்கு உறுதி இல்லை என்று அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. கேள்வி ஒன்று, பதில் மூன்று. படிப்பவர் ஊகிக்கவே முடியாது, எழுதினால்தான் தெரியும்.

2. தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்?

என்எஃப்எஸ்ஸில் 'ஹார்ட்' மவுன்ட் என்றால், சர்வர் திரும்பி வரும்வரை கெர்னல் விடாமல் முயற்சி செய்யும். அதுவரை புரோகிராம் உறைந்து நிற்கும். 'சாஃப்ட்' என்றால், சில முறை முயன்றுவிட்டு புரோகிராமுக்குப் பிழை அனுப்பும். "ஹேங் ஆகுதுப்பா, சாஃப்ட்டுக்கு மாத்திடு" என்று யாராவது சொல்வாங்க. அங்கேதான் ஆபத்து. அந்தப் பிழையை உங்க புரோகிராம் கவனிக்கலைன்னா, எழுதியதா நினைச்ச டேட்டா சத்தமில்லாமல் காணாமல் போகும். "சாஃப்ட்: பிழை அனுப்பும்" என்று மட்டும் எழுதுவது பாதி ஆவணம். விளைவையும் எழுதினால்தான் முழு ஆவணம்.

ஜிஎஃப்எஸ்2வில் ஒரு நோடு பதில் சொல்லாவிட்டால், அது செத்துப்போச்சா, தூங்குதா என்று மற்றவைக்குத் தெரியாது. தூங்கி எழுந்து பழைய லாக்கை நம்பி எழுதிவிட்டால் டிஸ்க் நாசம். அதனால் முதலில் அந்த நோடை டிஸ்க்கிலிருந்து வெட்டிவிட்டு, அதன் ஜர்னலை வேறொரு நோடு சரிசெய்யும். அதன் பிறகே அது பிடித்திருந்த லாக்குகள் விடுபடும். இது தெரியாத அட்மின், "ஏன் எல்லாமே நின்னுடுச்சு?" என்று பதறுவார்.

3. எண்ணுக்கு அலகு என்ன?

என்எஃப்எஸ்ஸில் 'டைமியோ' என்ற ஆப்ஷன் இருக்கு. 30 என்று கொடுத்தால் 30 வினாடி என்றுதானே நினைப்பீங்க? இல்லை, 3 வினாடி! அதன் அலகு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. டிசிபிக்கு இயல்பான மதிப்பு 600, அதாவது 60 வினாடி. இதையும் சாஃப்ட்டையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. அலகு எழுதாத எண், விளக்கு இல்லாத பள்ளம்.

4. எது வேலை செய்யாது?

ஓசிஎஃப்எஸ்2 ஆவணத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஃபோல்டரில் மாற்றம் வந்தால் தகவல் தரும் வசதி போன்ற இன்னும் ஆதரிக்காதவற்றைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். "இது முடியாது" என்று எழுதுவது வெட்கம் இல்லை. படிப்பவருக்குச் செய்யும் உதவி.

நீங்க எங்கிருந்து தொடங்கலாம்?

கெர்னல் மூலக்குறியீட்டில் 'டாக்குமென்டேஷன்' ஃபோல்டருக்குள் 'ஃபைல்சிஸ்டம்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கு. 2016இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து கெர்னல் ஆவணங்கள் ஸ்ஃபிங்க்ஸ் கருவிக்கு மாறத் தொடங்கின. சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரே போதும். ஒரு எச்சரிக்கை: என்எஃப்எஸ் மவுன்ட் ஆப்ஷன்களின் கையேடு கெர்னலுக்குள் இல்லை, 'என்எஃப்எஸ்-யூட்டில்ஸ்' என்ற தனித் திட்டத்தில் இருக்கு. கோடு ஓரிடம், விளக்கம் வேறிடம். இப்படிப் பிரிந்திருக்கும் இடங்களில்தான் ஆவணம் பழசாகிப் போகும். உங்களுக்கு வேலையும் அங்கேதான் கிடைக்கும்.

திருத்தத்தைப் பேட்சாக அனுப்பும்போது, உங்க பெயரில் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி சேர்க்கணும். இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. யாருக்கு அனுப்புவது என்று சொல்ல 'கெட்-மெயின்டெய்னர்' என்ற ஸ்கிரிப்ட் கெர்னலுடனேயே வருது.

இந்த வார இறுதிப் பயிற்சி

மூன்று விர்ச்சுவல் மெஷின் எடுங்க: ஒன்று சர்வர், இரண்டு கிளையன்ட். ஒன்றில் ஃபைலை மூடாமல் எழுதுங்க. மற்றொன்றில் திறந்து பாருங்க. பிறகு எழுதும் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டியுங்க. ஹார்ட்டில் என்ன ஆச்சு, சாஃப்ட்டில் என்ன ஆச்சு என்று நேரத்தோடு குறிச்சு வையுங்க. அப்புறம் ஆவணத்தைத் திறந்து, நீங்க பார்த்தது அதில் இருக்கான்னு தேடுங்க.

இருந்தா, பாடம் புரிஞ்சுடுச்சு. இல்லைன்னா, உங்க முதல் பேட்ச் கையிலேயே இருக்கு!