குரல் குழுவுக்கு சேர்வர்: எதைப் பார்த்து எடுப்பது?

விரைவான செய்தியின் பெறுமதியை அக்குறணை வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெருத்தால் பிங்கா ஓயா கடைக்குள் வரும். அரை மணித்தியாலம் முன்னர் தகவல் கிடைத்தால் கீழ்த்தட்டுச் சாமான்களையாவது தூக்கி வைக்கலாம். 2018 மார்ச்சில் திகன வன்செயல் எமது ஊருக்கும் பரவிய அதே வாரத்தில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் அனைத்தும் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் மீண்டும் சமூக ஊடகங்கள் முடங்கின. ஆகவே நமக்கென்று ஒரு குரல் குழு வேண்டும் என்று வாலிபர்கள் கேட்பது நியாயமே. மம்பிள் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அதனை ஓடவிடும் சேர்வரை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

கடையில் கிடக்கும் பழைய கம்பியூட்டரில் வைத்தால் செலவில்லையே என்பார்கள். வெள்ளம் வரும் நாளில் கரண்ட் போகும், கம்பியூட்டரும் நனையும். எந்த நாளுக்காக ஏற்பாடு செய்கிறோமோ அந்த நாளிலேயே அது கைவிடும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டையும் கண்டவர்கள் நாம்.

எனவே வாடகை சேர்வர்தான். பெரிய பெக்கேஜ் எடுத்து ஏமாற வேண்டாம். ஒருவர் பேச 50 பேர் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி செல்லும். தினமும் ஒரு மணித்தியாலம் பேசினாலும் மாதம் 35 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆகச் சிறிய பெக்கேஜே தாராளம்.

தூரத்தைக் கவனியுங்கள். குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தாலும் சிங்கப்பூர், மும்பாய், பெங்களூர் பக்கம் பார்ப்பதே நல்லது. முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, எல்லோரும் இணையத்தில் இருக்கும் இஷாவுக்குப் பிந்திய நேரத்தில் பேசிப் பாருங்கள். பில் டொலரில் வரும். 2022ல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்ததை மறந்து சந்தாத் தொகையை இறுக்கமாகக் கணக்கிடக் கூடாது.

விலையை விடப் பெரிய விடயம், சேர்வர் யார் கையில் என்பது. மம்பிளில் குரல் வழியில் பூட்டப்பட்டுத்தான் செல்கிறது, ஆனால் சேர்வரில் அந்தப் பூட்டு திறக்கிறது. அதனை நிர்வகிப்பவர் நினைத்தால் கேட்கலாம். ஆகவே அது அமானிதம். கணக்கை ஒரு தம்பியின் சொந்த மின்னஞ்சலில் திறந்துவிட்டு, அவர் கட்டாருக்குப் போன பின் பாஸ்வேர்ட் தேடி அலைய வேண்டாம். சங்கத்தின் பெயரில் திறந்து, இருவரிடம் சாவி இருக்கட்டும். புதுப்பிக்கும் திகதியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. இணையமே துண்டிக்கப்பட்டால் எந்த சேர்வரும் உதவாது. அதற்கு யார் யாருக்குக் கோல் எடுப்பது என்ற பட்டியலைக் கடதாசியில் எழுதி லாச்சியில் ஒட்டி வைக்க வேண்டும்.