நாகைப் பட்டறையும் பொன்மலை எஞ்சினும்

மாணவியரே! நம் ஸ்ரீமுஷ்ணத்திற்கு இரயில் கிடையாது. இரயிலேற வேண்டுமென்றால் விருத்தாசலம் ஜங்ஷனுக்குத்தான் போகவேண்டும். அங்கிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு பக்கமும் பாதைகள் பிரிகின்றன. ஆனால் உங்களில் பலருக்கு நன்கு பழக்கமான பயணம் வேறொன்று. செப்டம்பர் 8-ஆம் நாளையொட்டி, சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக வேளாங்கண்ணிக்குப் போகும் பயணமே அது. அவ்வழியில் நாகப்பட்டினத்தைக் கடக்கிறீர்கள். வேளாங்கண்ணி நெருங்கிவிட்டது என்ற ஆவலில் அவ்வூரை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும், தென்னாட்டு இரயில்வேக்கு அதுதான் தாய்வீடு. ஒரு காலத்தில் அங்கே எஞ்சின் பட்டறையின் சம்மட்டி ஓசை கேட்டது. அது எப்படி வந்தது, ஏன் நின்றது என்பதை இங்கே காண்போம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அது மதராஸ் இரயில்வேயின் வேலை. காவிரி நாட்டுக்கு இரும்புப் பாதை போட வந்தது கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வே என்னும் வேறொரு கம்பெனி. அது தொடங்கிய இடம் நாகப்பட்டினம். 1861-இல் அங்கிருந்து தஞ்சாவூருக்கும், 1862-இல் தஞ்சையிலிருந்து திருச்சிக்கும் வண்டி ஓடியது. அந்தப் பத்தாண்டிலேயே பாதை ஈரோடு வரை நீண்டு மதராஸ் இரயில்வேயுடன் கைகோத்தது.

ஏன் நாகையைத் தேர்ந்தார்கள்? தஞ்சை நெல் கடலேறிய துறை அது. பர்மாவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. மலேயாத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன ஆயிரமாயிரம் ஏழைத் தமிழர்களும் நாகை முகாமில் காத்திருந்தே கப்பலேறினார்கள். மூட்டையையும் மனிதரையும் கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அந்த இரயிலின் முதல் வேலை. 1874-இல் இக்கம்பெனி கர்னாடிக் இரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. அதன் எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்கும் பட்டறை நாகையில் நடந்தது.

நீராவி எஞ்சினுக்கு ஏன் இத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளையைத் திடீரென்று சூடேற்றினால் பாண்டம் வெடித்துவிடும் அல்லவா? கொதிகலனும் அப்படித்தான். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை மெல்ல மெல்ல, பல மணி நேரம் சூடேற்றினால்தான் அதன் குழாய்களும் தகடுகளும் கெடாமல் இருக்கும். ஆகவே காலையில் வண்டி புறப்பட, நள்ளிரவிலேயே ஒருவர் நெருப்பு மூட்ட வேண்டும். வழியில் ஃபயர்மேன் ஓயாமல் கரி அள்ளிப் போட வேண்டும். அந்தக் கரியோ வங்காள, பீகார் சுரங்கங்களிலிருந்து வர வேண்டும். சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் தண்ணீர் கேட்கும். ஓட்டம் முடிந்தால் சாம்பலைத் தட்ட வேண்டும். தண்ணீரிலுள்ள உப்பு, நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிவதுபோலவே, கொதிகலனுக்குள்ளும் படியும். குறித்த நாட்களுக்கு ஒருமுறை அதைத் திறந்து கழுவ வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சினை முழுதும் பிரித்துக் கோப்பதற்குக் கொல்லர், கடைசலர், வார்ப்படக்காரர், தச்சர், பெயிண்டர் என ஒரு படையே வேண்டும். ஒரு எஞ்சினை நம்பி ஒரு தெருவே பிழைத்தது எனலாம். இரயில் ஊர்கள் பிறந்தது இப்படித்தான். பின்னாளில் அவை தேய்ந்ததற்கும் இதுவே காரணமாயிற்று.

நாகைக்கு இறக்கம் ஒரே நாளில் வரவில்லை. அவ்வூரிலிருந்து ஒவ்வொன்றாகப் புறப்பட்டுத் திருச்சிக்குக் குடிபோயின. முதலில் இரயில்வேயின் தலைமை அலுவலகம் போயிற்று. நம்மவர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. இயேசு சபையினர் 1844-இல் நாகையில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி, 1883-இல் திருச்சிக்கு மாறியது. இன்று திருச்சியின் பெருமையாக நாம் சொல்லும் அக்கல்லூரி நாகையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. இதற்கிடையே தஞ்சையிலிருந்து மாயவரம், கடலூர், விழுப்புரம் வழியாகச் சென்னைக்கு மெயின் லைன் அமைந்துவிட்டது. முன்பு தலைப்பாதையாக இருந்த நாகைப் பாதை கிளைப்பாதையாகிவிட்டது. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுந்தபின் கப்பல்களும் அங்கே திரும்பின. நாகையில் கப்பல் கரையருகே வராது. கடலில் நிற்கும் கப்பலுக்குப் படகில்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பட்டறையும் போயிற்று. 1920-களின் இறுதியில் திருச்சியை அடுத்த பொன்மலையில் பெரிய பட்டறை கட்டி, நாகைப் பட்டறையை அங்கே மாற்றினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் கம்பெனியின் கணக்கில் பிழையில்லை. மதுரை, ஈரோடு, தஞ்சை, சென்னைப் பாதைகள் எல்லாம் கூடும் நடுவிடம் திருச்சி. ஆனால் வரைபடத்தில் வீடுகள் தெரிவதில்லை. பட்டறைகளை ஒன்றுசேர்த்த கையோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கவும் கம்பெனி முனைந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. அது பத்து நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. அதை நடத்திய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றார்கள். இந்தியாவில் முதன்முதல் மே தினம் கொண்டாடிய அதே சிங்காரவேலர்தான் இவர். நாகையில் சம்மட்டி பிடித்த குடும்பங்களில் வேலை நிலைத்தவை பொன்மலைக் குடியிருப்புக்குப் பெட்டி கட்டின; மற்றவை ஊரிலேயே வேறு பிழைப்புத் தேடின. ஒரு ஊரின் கடைத்தெருவுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர்கள் உணர்வார்கள்.

இங்கே நம் பகுதியின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டறை மாறிய அதே ஆண்டுகளில்தான் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை திறந்தது. அதைக் கார்டு லைன் என்கிறோம். வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்று கணக்கில் படிக்கிறீர்களே, அதே பொருள்தான். மெயின் லைன் டெல்டாவை வளைத்துப் போகும். நாண் குறுக்கே போகும். சென்னை–திருச்சி தூரத்தில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மிச்சம். விரைவு வண்டிகள் மெல்ல மெல்ல இப்பக்கம் திரும்ப, விருத்தாசலம் வளர்ந்தது. டெல்டா ஊர்கள் பின்தங்கின.

நாகையில் எஞ்சியது கப்பல்தான். அதுவும் நிலைக்கவில்லை. 1938-இல் மலேயாவுக்குத் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1926-இல் கட்டிய ‘ராஜுலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று வந்துபோனது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது.

நீராவியின் கதையும் அதே காலத்தில் முடிவை நெருங்கியது. டீசல் எஞ்சினுக்கு நள்ளிரவில் நெருப்பு மூட்ட வேண்டாம். வழியில் தண்ணீர் காட்ட வேண்டாம். ஒரு எஞ்சினே நெடுந்தூரம் வண்டியை இழுத்துச் செல்லும். இந்தியாவில் 1972-க்குப் பின் இருப்புப் பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின் கட்டுவதை நிறுத்தினார்கள். 1995-இல் அகலப் பாதையிலும், அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர் பாதையிலும் அவை ஓய்ந்தன. நாடெங்கும் லோகோ ஷெட் ஊர்கள் பல, நாகை என்றோ கண்டதைத் தாமும் கண்டன. நாகைப் பாதை முதலில் அகலப் பாதையாகப் பிறந்து, 1870-களில் மீட்டர் பாதையாகக் குறுகி, நம் காலத்தில் மீண்டும் அகலப் பாதையானது. 2010-இல் அதிலிருந்து வேளாங்கண்ணிக்கு இரயில் வந்தது.

ஆனால் பட்டறையோடு போன கைத்திறன் அழியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை இரயில் 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் இருக்கும்; எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் உயரும் மலையில் ஏறும். அந்த எஞ்சின்கள் மூப்படைந்தபோது புதியவை செய்ய யாரால் முடியும் என்ற கேள்வி எழுந்தது. செய்தது பொன்மலைப் பட்டறை. 2011 முதல் எண்ணெயில் ஓடும் எஞ்சின்களைச் செய்து அனுப்பினார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் புது எஞ்சினையும் முடித்தார்கள். நாகையிலிருந்து பெயர்ந்து சென்ற பட்டறை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும், கொதிகலன் தகட்டை வளைக்கத் தெரிந்த கைகளை வைத்திருந்தது.