பச்சை விளக்கு எரிந்தும் பக்கம் வரவில்லை

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்திருக்கிறாள். பாடத்தில் வரும் பிஎச்பி நிரல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கட்டும் என்று, என் கணவர் முன்பு அலுவலக வேலைக்கு வைத்திருந்த விண்டோஸ் லேப்டாப்பில் ஸாம்ப் போட்டுக் கொடுத்தோம். அப்பாச்சி பட்டனை அழுத்தியதும் பச்சையாகி உடனே அணைந்தது. யூடியூபில் பார்த்து 80 என்ற எண்ணை 8080 ஆக்கினோம். இப்போது பச்சையாகவே நிற்கிறது. ஆனால் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால், பல மொழிகளில் வரவேற்புச் சொல்லும் ஒரு நீலப் பக்கம்தான் வருகிறது. அவள் எழுதிய ஃபைலை டபுள் கிளிக் செய்தால் நிரல் எழுத்து எழுத்தாக அப்படியே தெரிகிறது. போதாக்குறைக்கு, போன வாரம் கரண்ட் போனதிலிருந்து மைஎஸ்க்யூஎல் தொடங்க மறுக்கிறது (லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ போய்விட்டது). எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். செய்யலாமா? அவள் உருவாக்கிய டேட்டாபேஸ் போய்விடுமா? தோழிகளும் பார்ப்பதற்கு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடலாம் என்றும் சொல்கிறான். அது சரியா?

— வாசகி, திண்டுக்கல்

பதில்: அழிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஸாம்புக்கு வெளியே இருப்பவை. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அவை அங்கேயேதான் இருக்கும். மைஎஸ்க்யூஎல் கோளாறு மட்டும் ஸாம்புக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் அதற்காக அழித்தால் டேட்டாபேஸும் சேர்ந்து போகும். ஆகவே முதல் வேலையாக ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சி டிரைவில் ஸாம்ப், அதற்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் டேட்டா என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நிரல்கள் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இது முடிந்தபின் எதை வேண்டுமானாலும் துணிந்து தொடலாம்.

இனி அந்த நீலப் பக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய துப்பு அதுதான். அது ஸாம்பின் முகப்பு அல்ல. ஐஐஎஸ் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்தே தரும் இன்னொரு வெப் சர்வரின் வரவேற்புப் பக்கம். யாராவது இயக்கிவைத்தாலொழிய அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கணவர் அலுவலகத்தில் டாட்நெட் வேலை பார்த்திருந்தால் அவரோ அவருடைய அலுவலகத்தாரோ இயக்கியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் அடித்தால், அது இதே கணினியின் 80ஆம் போர்ட்டில் போய்க் கேட்கும். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முகவரியானால் 443ஆம் போர்ட். முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தை இரண்டு வீட்டார் பிடிக்க முடியாதல்லவா, அப்படித்தான் ஒரு போர்ட்டும். விண்டோஸ் எழும்போதே ஐஐஎஸ்ஸும் எழுந்து 80ஐப் பிடித்துவிடுகிறது. பிறகு நீங்கள் பட்டனை அழுத்தும்போது அப்பாச்சி வந்து பார்த்து, இடமில்லை என்று திரும்பிப் போகிறது. பச்சையாகி அணைந்ததற்குக் காரணம் இதுதான். 8080க்கு மாற்றியதும் அதற்குத் தனி மண்டபம் கிடைத்துவிட்டது. நீங்கள்தான் இன்னும் பழைய மண்டபத்து வாசலிலேயே நிற்கிறீர்கள். லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடித்துப் பாருங்கள், ஸாம்பின் முகப்பு வரும்.

அந்த யூடியூப் வைத்தியம் தவறில்லை, அரைகுறை. இடத்தைப் பிடித்திருப்பது யார் என்று கேட்காமல் எண்ணை மாற்றச் சொல்லும் வீடியோக்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கேட்பதற்கு ஒரு கட்டளைகூட அடிக்க வேண்டாம். ஸாம்ப் கன்ட்ரோல் பேனலின் வலது ஓரத்தில் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எந்தப் போர்ட்டை எந்த நிரல் வைத்திருக்கிறது என்று பட்டியல் வரும். 80க்கு நேராக சிஸ்டம் என்ற பெயரும் 4 என்ற எண்ணும் இருந்தால் பயந்துவிடாதீர்கள், வைரஸ் இல்லை. ஐஐஎஸ்ஸுக்காக விண்டோஸின் கருவே அந்தப் போர்ட்டில் காது வைத்திருக்கிறது என்று பொருள். அதை டாஸ்க் மேனேஜரில் கொல்ல முயலக் கூடாது. அதே ஓரத்தில் சர்வீசஸ் பட்டனை அழுத்தி, வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்ற வரியைத் தேடி ஸ்டாப் கொடுங்கள். ஸ்டார்ட்டப் டைப்பை மேனுவல் என்று மாற்றிவிட்டால் அடுத்த முறை தானாக எழாது. பிறகு அப்பாச்சியை 80க்கே திரும்பக் கொண்டுவரலாம். கணவருக்கு ஐஐஎஸ் இன்னும் தேவை என்றால் அப்பாச்சி 8080லேயே இருக்கட்டும், குறையொன்றும் இல்லை. ஸாம்பின் கான்ஃபிக் பட்டனுக்குள் சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ் என்ற இடத்திலும் எண்ணை மாற்றிவிடுங்கள், அது தானாக மாறாது.

சிலருக்கு 80ஐ மாற்றியபின்னும் அப்பாச்சி அணையும். பெரும்பாலும் 443ஐ வேறொன்று பிடித்திருக்கும். அந்த எண் வேறொரு கான்ஃபிக் ஃபைலில் இருப்பதால் வீடியோ பார்ப்பவர்கள் அதை விட்டுவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும்போது ஏதோ ஓர் எழுத்து பிசகியிருக்கும். அப்பாச்சி வரிசையில் இருக்கும் லாக்ஸ் பட்டனை அழுத்தி, எரர் லாக்கின் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். தொடங்கவே முடியாத அளவுக்குப் பிழை இருந்தால் அங்கே எதுவும் பதிவாகாமலும் போகலாம். அப்போது ஷெல் பட்டனைத் திறந்து எச்டிடிபிடி என்று அடித்து, இடம் விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டி டி என்ற சின்ன எழுத்தும் சேர்த்து என்டர் தட்டினால், எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் பிழை என்று அப்பாச்சியே சொல்லிவிடும்.

கன்ட்ரோல் பேனலில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வருமே, போர்ட் அடைபட்டிருக்கலாம், ஏதோ ஃபைல் குறைந்திருக்கலாம், அனுமதி இல்லாதிருக்கலாம் என்று? அதைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். என்ன நடந்தாலும் அதே வாக்கியத்தைத்தான் அது சொல்லும்.

நிரல் எழுத்தாகத் தெரிவது இன்னொரு கதை. டபுள் கிளிக் செய்தபோது முகவரிப் பட்டையில் ஃபைல் என்று தொடங்கி சி டிரைவின் பெயர் இருந்திருக்கும். அதாவது பிரவுசர் நேராக ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைலை எடுத்துக் காட்டியிருக்கிறது. பிரவுசருக்கு பிஎச்பி தெரியாது. அப்பாச்சியிடம் கேட்டால் அது ஃபைலை பிஎச்பியிடம் கொடுத்து ஓடவைத்து, விளைந்த எச்டிஎம்எல்லை மட்டும் அனுப்பும். எனவே ஃபைல் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் முகவரி வழியாகவே திறக்க வேண்டும். அப்படித் திறந்தும் நிரல் தெரிந்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது டாட் பிஎச்பிக்குப் பின்னால் ஒரு டாட் டெக்ஸ்ட் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் வெளிப்பட்டுவிடும்.

இன்னமும் சந்தேகம் தீரவில்லையா? அப்பாச்சியை ஓரமாக வைத்துவிட்டே பிஎச்பியைச் சோதிக்கலாம். 2012இல் வந்த 5.4ஆம் பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் இருக்கிறது. ஷெல்லில் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குப் போய் பிஎச்பி என்று அடித்து, இடம் விட்டு ஒரு சிறு கோடும் அதை ஒட்டிப் பெரிய எஸ் எழுத்தும் போட்டு, மறுபடி இடம் விட்டு லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று சேருங்கள். அந்த முகவரியில் பக்கம் ஒழுங்காக வந்தால் பிஎச்பி நன்றாக இருக்கிறது, குறை அப்பாச்சியில். அங்கும் வரவில்லையென்றால் நிரலைப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல் விஷயத்தில் நிதானம் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்று பட்டனில் எழுதியிருந்தாலும் 2015 முதல் ஸாம்பில் உள்ளே ஓடுவது அதன் கிளையான மரியாடிபி. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதியில் நின்ற எழுத்து வேலையைப் பெரும்பாலும் அதுவே அடுத்த தொடக்கத்தில் சரிசெய்துகொள்ளும். முடியாதபோதுதான் இப்படி முரண்டு பிடிக்கும். அதன் வரிசையில் உள்ள லாக்ஸ் பட்டன் வழியாக எரர் லாக்கைத் திறந்து கடைசிப் பத்துப் பதினைந்து வரிகளைப் படியுங்கள். ஆரியா ரிகவரி ஃபெயில்டு என்று இருந்தால், செய்ய வேண்டியதையும் அந்த வரியே சொல்லும்: ஆரியா லாக் என்று தொடங்கும், பின்னால் வெறும் எண்கள் வரும் ஃபைல்களை டேட்டா ஃபோல்டரிலிருந்து அகற்ற வேண்டும், ஆரியா செக் என்ற கருவியை ஓட்ட வேண்டும். நகல்தான் கையில் இருக்கிறதே, முதலில் அந்த ஃபைல்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

அது பலிக்காவிட்டால் இன்னொரு வழி. மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் பேக்கப் என்று ஒன்று இருக்கும், புத்தம் புதிதாக நிறுவியபோது இருந்த நிலை. இப்போதைய டேட்டா ஃபோல்டருக்கு டேட்டா பழையது என்று பெயர் மாற்றுங்கள். பேக்கப்பை நகல் எடுத்து அந்த நகலுக்கு டேட்டா என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து மகளின் டேட்டாபேஸ் பெயர் கொண்ட ஃபோல்டரையும் ஐபிடேட்டா1 என்ற ஃபைலையும் புதியதற்குள் கொண்டுவந்து, முன்பிருந்த ஐபிடேட்டா1க்கு மேல் எழுதிவிடுங்கள். இதோடு தொடர்புடைய ஒரு கெட்ட ஆலோசனை இணையத்தில் உலவுகிறது, அந்த ஐபிடேட்டா1ஐ அழித்துவிட்டால் உடனே தொடங்கிவிடும் என்று. தொடங்கும்தான். ஆனால் எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அந்த ஃபைலில்தான் இருக்கிறது. பிஎச்பிமைஅட்மினில் டேபிள்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும், ஒன்றைத் திறந்தால் 1932 என்ற எண்ணோடு அப்படி ஒரு டேபிளே இல்லை என்று பிழை வரும். பையன் அதைச் சொன்னால் கேட்காதீர்கள்.

மீண்டதும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு எஸ்க்யூஎல் ஃபைலாக எடுத்து வையுங்கள். டேட்டா ஃபோல்டர் நகலைவிட அது உறுதியானது, எந்தக் கணினியிலும் ஏற்றலாம். பேட்டரி இல்லாத லேப்டாப்பில் வேலை முடிந்ததும் மைஎஸ்க்யூஎல்லை ஸ்டாப் பட்டன் வழியாக நிறுத்துவதை மகள் பழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரமே எதிரில் வரும். டேட்டாபேஸோடு இணைக்கும் நிரலில் ஆக்சஸ் டினைடு என்று வந்து, அதன் இறுதியில் பாஸ்வேர்டு பயன்படுத்தப்பட்டது, எஸ் என்று இருந்தால், நிரலில் ஏதோ பாஸ்வேர்டு எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். ஸாம்பில் ரூட் என்ற பயனருக்கு முதலில் பாஸ்வேர்டே கிடையாது, அந்த இடம் வெற்றாக இருக்க வேண்டும். நூலகத்துப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்த நிரலில் மைஎஸ்க்யூஎல் கனெக்ட் என்ற ஃபங்ஷன் இருந்தால் அது ஓடவே ஓடாது. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 அந்தக் குடும்பத்தையே நீக்கிவிட்டது. அதற்காகப் பழைய ஸாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். எஸ்க்யூஎல்லுக்குப் பின் ஓர் ஐ சேர்ந்த புதிய ஃபங்ஷன்களில் எழுதச் சொல்லுங்கள். இணைப்பு தவறினால் நம்முடைய பிழைச் செய்தியைக் காட்டும்படி நிரலில் ஓர் இஃப் வைத்திருப்பாள். பிஎச்பி 8.1 முதல் அந்த வரியைத் தொடுவதற்கு முன்பே நிரல் நின்று, ஃபேட்டல் எரர் என்று நீளமாக ஒன்று வரும். பிஎச்பியின் பழக்கம் மாறியிருக்கிறது, அவள்மேல் தப்பில்லை.

கடைசியாக ரவுட்டர். திறக்கக் கூடாது. கை ஸைட்லரும் கே ஃபோகல்கெஸாங்கும் 2002இல் அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் என்ற பெயரில் ஸாம்பை உருவாக்கியது, நிரல் எழுதுபவர் தன் மேசையில் தானே சோதித்துப் பார்ப்பதற்காக. தடையில்லாமல் ஓடட்டும் என்றுதான் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஊருக்குத் திறந்துவிட்டால் அந்த வசதி எல்லோருக்குமே வசதியாகிவிடும். 2024 ஜூனில், விண்டோஸில் பிஎச்பி சிஜிஐ முறையில் இருந்த ஓர் ஓட்டை வெளியானது. ஸாம்பின் இயல்பான அமைப்பே அதற்கு இடம் கொடுத்தது. வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கணினியில் தன் கட்டளைகளை ஓடவிடலாம் என்ற அளவுக்குப் பெரிய ஓட்டை. பிஎச்பி 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில் அடைத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அவற்றுக்கு முந்தியதா என்று ஸாம்ப் முகப்பின் பிஎச்பி இன்ஃபோ பக்கத்தில் பாருங்கள்.

தோழிகள் வீட்டுக்கே வந்தால் வேறு வழி உண்டு. எல்லோரும் உங்கள் வைஃபையில் இணைந்திருக்கட்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும், லேப்டாப்புக்கு உங்கள் ரவுட்டர் கொடுத்தது. தோழியின் போனில் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் அதை அடித்து, 8080லேயே ஓட்டினால் கோலனும் எண்ணும் சேர்த்தால் பக்கம் வரும். வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. வைஃபை அமைப்பில் உங்கள் வீட்டு நெட்வொர்க் பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள், அப்பாச்சிக்கு அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் பிரைவேட்டை மட்டும் டிக் செய்யுங்கள்.