வைட்ஹார்ஸில் வண்டி ஓடாத நாள்

அலாஸ்கா நெடுஞ்சாலை பிரிட்டிஷ் கொலம்பியாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. 1942-இல் போர்க்கால அவசரத்தில் அமெரிக்க ராணுவம் வெட்டிய பாதை இது. பல வளைவுகள் நிமிர்த்தப்பட்ட பிறகு இன்றைய நீளம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். தங்கும் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு இவ்வழியே போகிறவர்கள், புறப்பட்ட இடத்திலிருந்து 1,400 கிலோமீட்டர் சொச்சம் தாண்டியதும் யூக்கான் ஆட்சிப்பகுதியின் தலைநகரான வைட்ஹார்ஸை அடைகிறார்கள். யூக்கான் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வசிப்பது இந்த ஒரே ஊரில்தான். டயர் கடை, மருத்துவமனை, பெரிய மளிகைக் கடை, சலவைக் கடை எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் இங்கே ஒரு நாள் தங்குவது வழக்கமாகிவிட்டது. ஓய்வு நாள் என்று பெயர்தான். பாதி நாள் வேலையிலேயே போய்விடும்.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையிலோ விடுமுறையிலோ விழாமல் பார்த்துக்கொள்வது முதல் காரியம். கனடா நாளான ஜூலை 1 பலருக்கும் தெரியும். ஜூன் 21-ஆம் தேதி பூர்வகுடி மக்கள் நாளும், ஆகஸ்ட் மூன்றாம் திங்களன்று வரும் கண்டுபிடிப்பு நாளும் யூக்கானில் பொது விடுமுறை என்பது வெளியூர்க்காரர்கள் தவறவிடும் செய்தி. பெரிய கடைகள் திறந்திருந்தாலும் பட்டறைகளை நம்ப முடியாது.

வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும். ட்ரெய்லர் உடன் இருந்தே ஆகவேண்டியவை ஒரு பக்கம், அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரிலோ பிக்கப்பிலோ போய் முடிப்பவை மறுபக்கம். முதல் வகையை முந்தைய நாள் மாலை ஊருக்குள் நுழையும்போதே முடித்துவிட வேண்டும். முகாமில் நிறுத்தி, மட்டம் பார்த்து, முட்டுக்கொடுத்த பிறகு மறுபடி பூட்டிக்கொண்டு கிளம்புவது வீண் வேலை.

இதில் முதலாவது வாட்டர் வாஷ். சரளைப் பகுதிகளில் தூசி அடங்குவதற்காகக் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். மழை பட்டால் அது சேற்றோடு குழைந்து அடிப்பாகம் முழுக்க அப்பிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் எளிதில் பெயராது, இரும்பையும் அரிக்கும். பின்விளக்குகளையும் நம்பர் பலகையையும் மூடிவிடுவதால் பின்னால் வருகிறவருக்கு பிரேக் போட்டதே தெரியாது. காசு போட்டு நாமே கழுவிக்கொள்ளும் கூடங்களில் சக்கரத்தின் உள்பக்கம், இணைப்புக் கொக்கி, மின்சார பிளக்கைச் சுற்றியுள்ள இடம் ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவிடலாம். பிளக்கின் மீதே நேராக நீரைப் பீய்ச்சக் கூடாது.

கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும்போது கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல் மற்றும் பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி அடுத்து. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால் அதே ஓஸ் குழாயை அலசிவிடும். காலி செய்யும் இடத்தில் இருக்கும் குழாய்கள் எல்லாம் குடிநீர்க் குழாய்கள் அல்ல. எழுதியிருப்பதைப் படித்துவிட்டே திறக்க வேண்டும். குடிநீர் பிடிக்கும் ஓஸ் தனியாகவே இருக்கட்டும்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போகவேண்டியவை, அடுத்தவர் கைபட்டு நேரமெடுக்கும் வேலைகள். பட்டறையில் பெயர் கொடுத்துவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் மற்றதைப் பார்க்கலாம். சல்லி தெறித்து முன்கண்ணாடியில் விழுந்த சிறு பொரிவை அன்றே பிசின் வைத்து அடைத்துவிடுவது நல்லது. குளிரும் குலுக்கலும் சேர்ந்தால் அது விரிசலாக நீளும். ஸ்டெப்னி பஞ்சராகிக் கிடந்தால் அதைச் சரிசெய்யாமல் ஊரைவிட்டுக் கிளம்பவே கூடாது. காரணம் முன்னால் இருக்கும் சாலை: டிஸ்ட்ரக்‌ஷன் பேயிலிருந்து அமெரிக்க எல்லைவரை நிலத்தடியில் உறைந்திருக்கும் மண் இளகி, தார்ச்சாலை அலை அலையாக மேடுபள்ளமாகியிருக்கிறது. அங்கே வேகம் குறைத்தாலும் டயரும் ஸ்ப்ரிங்கும் அடிவாங்கவே செய்யும். சாமான்களின் விலை தெற்கைவிடக் கூடுதலாக இருந்தாலும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள 7 சதவீத மாகாண வரி யூக்கானில் கிடையாது. 5 சதவீத மத்திய வரி மட்டுமே.

சலவைக்குக் கனடா நாணயங்கள் கையில் இருந்தால் வசதி. துணி சுழலும் நேரத்தில் அலாஸ்காவுக்கான வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். ஊர்களைத் தாண்டினால் நெடுந்தொலைவுக்கு சிக்னல் இருக்காது. 1949 முதல் வெளிவரும் மைல்போஸ்ட் என்ற வழிகாட்டி நூலை இன்றும் பலர் மடியில் வைத்திருப்பது பழைய நினைவுக்காக அல்ல, இதற்காகத்தான். மளிகையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களைக் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லைக்கு முன் தின்று தீர்க்கும் அளவே வாங்கலாம். அலுமினியத் தாள் ஒரு சுருள் கட்டாயம் வேண்டும். ஜூன் நடுவில் பகல் வெளிச்சம் 19 மணி நேரம். சன்னலில் தாளை ஒட்டாவிட்டால் குழந்தைகள் தூங்கமாட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், இதே சாலையில் திரும்பக் கனடாவுக்குள் நுழையத் தங்கள் விசா இடம் தருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தால் பிற்பகலில் ஆற்றங்கரை. எஸ்.எஸ். கிளாண்டைக் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் அங்கே கரையில் நிற்கிறது. 1937-இல் கட்டப்பட்டு 1955 வரை யூக்கான் ஆற்றில் ஓடியது. 1966-இல் ஊர்த்தெருக்கள் வழியே அதை இழுத்து வந்தபோது, வழுக்கிச் செல்வதற்காக அடியில் டன் கணக்கில் பாமோலிவ் சோப்பைப் போட்டார்கள். நீர்மின் அணையருகே மீன்கள் ஏறிச்செல்லும் மர ஏணிக்கால்வாய் 366 மீட்டர் நீளம். பெரிங் கடலிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சலடித்து வரும் சின்னூக் சால்மன் ஆகஸ்டில் இதை எட்டும். அவற்றின் எண்ணிக்கை மிகவும் சரிந்ததால் 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் ஏழாண்டு மீன்பிடித் தடைக்கு ஒப்புக்கொண்டன. எனவே ஒரு மீனாவது கண்ணில் படும் என்று எதிர்பார்த்துப் போகவேண்டாம்.

மறுநாள் புறப்படும்முன் டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டப்பட்டிருந்தால் முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பார்ப்பது அவசியம். 155 கிலோமீட்டரில் வரும் ஹெயின்ஸ் ஜங்ஷன் வரை தள்ளிப்போடலாகாது. எல்லை தாண்டியதும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.